பாஸ்வேர்டே கேட்காமல் நின்றுவிடும் ஜிபிஜி: கோளாறு எந்த அடுக்கில்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உபுண்டு 16.04 ஓடிய பழைய லேப்டாப்பிலிருந்து, 22.04 போட்ட புதிய லேப்டாப்புக்கு மாறியிருக்கிறீர்கள். பத்திர நகல், வங்கி விவரம் போன்றவற்றை ஃபைல் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து என்க்ரிப்ட் பண்ணி, அதாவது பூட்டி வைப்பது உங்கள் வழக்கம். புதிய மெஷினில் அந்த .ஜிபிஜி ஃபைல்களைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியே வராமல் "டிக்ரிப்ஷன் ஃபெயில்டு" என்று நின்றுவிடுகிறது. புதிதாக எதையும் என்க்ரிப்ட் செய்யவும் முடியவில்லை. வேறு ஆப் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது வேறு கேள்வி: "என் ஃபைல்கள் போய்விட்டனவா?" அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் போயிருக்காது. பழைய லேப்டாப்பின் டிஸ்க் இன்னும் உங்கள் கையில் இருந்தால் மீண்டும் திறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அதனால் முதல் வேலை, பழைய லேப்டாப்பை அழிக்காமல் வைப்பது. அதை ஃபார்மட் செய்து யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். இரண்டாவது, புதிய மெஷினில் புதுச் சாவி ஜோடி (பூட்டும் பப்ளிக் கீ, திறக்கும் சீக்ரெட் கீ) எதையும் உருவாக்காதீர்கள். சாவி இல்லை என்று சொன்னதும் புதிதாக ஒன்றை உருவாக்குவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. புதுச் சாவி பழைய ஃபைல் எதையும் திறக்காது. பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு சாவி நின்று குழப்பத்தைத்தான் கூட்டும். மூன்றாவது, வீட்டு டைரக்டரியில் புள்ளியோடு தொடங்கும் .ஜிஎன்யுபிஜி என்ற ஃபோல்டரை இரண்டு மெஷின்களிலும் அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இனி நான் சொல்வதில் எது தவறிப்போனாலும் இங்கே திரும்பி வரலாம்.

லினக்ஸ் டெஸ்க்டாப்களைப் பராமரிப்பதே பல வருடங்களாக என் தொழில். இந்தக் கோளாறை பல உருவங்களில் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஒரு குழப்பத்தில்தான் தொடங்கும்: என்க்ரிப்ட் செய்வது ஃபைல் மேனேஜர் என்று நினைத்துக்கொள்வது. உண்மையில் அது வெறும் முகப்பு. ரைட் கிளிக் மெனு ஒரு நீட்டிப்பிலிருந்து, அதாவது ஃபைல் மேனேஜரோடு சேரும் ஒரு துணை நிரலிலிருந்து வருகிறது. அது வேலையை க்னூபிஜியிடம், அதாவது ஜிபிஜி என்ற நிரலிடம் ஒப்படைக்கிறது. 2014 நவம்பரில் வந்த 2.1 பதிப்பிலிருந்து ஜிபிஜியும் உங்கள் சீக்ரெட் கீயை நேரடியாகத் தொடுவதில்லை. பின்னணியில் ஓடும் ஜிபிஜி-ஏஜென்ட் மட்டும்தான் தொடும். அந்த ஏஜென்டும் பாஸ்வேர்டைத் தானாகக் கேட்காது. பின்என்ட்ரி என்ற இன்னொரு சின்ன நிரலைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லும். இத்தனை அடுக்கில் எது விழுந்தாலும், மேலே இருக்கும் ஃபைல் மேனேஜர் காட்டுவது அதே ஒற்றை வரிதான். ஆப்பை மாற்றினால் மேல் அடுக்கு மட்டும் மாறும். கிளியோபாட்ரா என்ற வேறு என்க்ரிப்ஷன் ஆப்பைப் போட்டாலும் அடியில் இருப்பது இதே ஜிபிஜி, இதே ஏஜென்ட்.

ஆகவே மேல் அடுக்கை விட்டுவிட்டு டெர்மினலுக்குப் போங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில்தான் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், ஆப்ஷனுக்கு முன்னால் இரண்டு சிறு கோடும், ஆப்ஷனின் சொற்களுக்கு நடுவே ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஜிபிஜி, வெர்போஸ், டிக்ரிப்ட், அப்புறம் ஃபைலின் பெயர். திறந்துவிட்டால் கோளாறு நீட்டிப்பில்தான், நிம்மதியாகத் தூங்கலாம். திறக்காவிட்டால், வந்த வரிகள் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள், கடைசி வரியை மட்டுமல்ல.

பலரும் சறுக்குவது இங்கேதான். கடைசி வரி பெரும்பாலும் "டிக்ரிப்ஷன் ஃபெயில்டு: நோ சீக்ரெட் கீ" என்று இருக்கும். படித்ததும் சாவி தொலைந்தது என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் ஜிபிஜி 2-ஆம் வரிசையின் பல பதிப்புகளில், சாவி பத்திரமாக இருந்து, பாஸ்வேர்டு பெட்டி மட்டும் திறக்க முடியாமல் போனாலும் கடைசியில் இதே வரிதான் வரும். உண்மையான காரணம் அதற்கு மேல் வரியில் இருக்கும். "பப்ளிக் கீ டிக்ரிப்ஷன் ஃபெயில்டு" என்று தொடங்கி, "நோ பின்என்ட்ரி" என்றோ "இனப்ரோப்ரியேட் ஐஆக்டல் ஃபார் டிவைஸ்" என்றோ முடியும். "ஆபரேஷன் கேன்சல்டு" என்றும் பார்க்கலாம். இப்படி ஒரு வரி இருந்தால் சாவி இருக்கிறது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்படி எந்த வரியும் இல்லாமல், "என்க்ரிப்டட் வித் ஆர்எஸ்ஏ கீ" என்று ஒரு ஐடி எண்ணைக் காட்டிவிட்டு நேராக "நோ சீக்ரெட் கீ" என்றால், இந்த மெஷினில் சாவி நிஜமாகவே இல்லை. பாஸ்வேர்டே கேட்கவில்லை என்ற உங்கள் விவரம் இரண்டுக்குமே பொருந்துவதால், எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அந்த மேல் வரிதான் சொல்லும்.

பின்என்ட்ரி கோளாறு என்றால் சரிசெய்வது எளிது. .ஜிஎன்யுபிஜி ஃபோல்டருக்குள் ஜிபிஜி-ஏஜென்ட்.கான்ஃப் என்று ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். என்றோ இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு "பின்என்ட்ரி-புரோகிராம்" என்று ஒரு வரியை அதில் எழுதியிருப்பீர்கள். அது பழைய ஜிடிகே2 பின்என்ட்ரியின் பாதையைக் காட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டரை அப்படியே புதிய மெஷினுக்குக் கொண்டுவந்தால் அந்த வரியும் கூடவே வந்துவிடும். ஆனால் 22.04 டெஸ்க்டாப்பில் பொதுவாக இருப்பது க்னோம்3 பின்என்ட்ரி. இல்லாத நிரலை ஏஜென்ட் கூப்பிடுகிறது, பெட்டி வரவில்லை. அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போட்டு முடக்குங்கள். பிறகு ஜிபிஜிகான்ஃப், கில், ஜிபிஜி-ஏஜென்ட் என்று (இதில் கில் மட்டும்தான் ஆப்ஷன்) அடித்தால் பழைய ஏஜென்ட் நின்றுவிடும். அடுத்த முறை தேவைப்படும்போது புதிய அமைப்போடு தானாக எழும். ஜிபிஜிகான்ஃபுக்கு செக்-புரோகிராம்ஸ் என்ற ஆப்ஷனும் உண்டு. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா என்று அதுவே வரிசையாகச் சொல்லும். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தோ, வேறு பயனராக மாறியோ சோதிக்க வேண்டாம். அப்போது பெட்டி திறக்காமல் போக வேறு காரணங்கள் சேர்ந்துகொண்டு, இல்லாத கோளாறைத் துரத்த வைக்கும்.

இனி சாவி நிஜமாகவே இல்லாத நிலைமை. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில், ஃபைல் எந்தச் சாவியைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிபிஜி, லிஸ்ட்-ஒன்லி, டிக்ரிப்ட், ஃபைல் பெயர். திறக்க முயலாமல், எந்த ஐடிக்குப் பூட்டப்பட்டது என்று மட்டும் சொல்லும். அடுத்து ஜிபிஜி, லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ், கீஐடி-ஃபார்மட் லாங். இந்தப் பட்டியலில் "எஸ்இசி" என்று தொடங்கும் வரி தலைமைச் சாவி. "எஸ்எஸ்பி" என்று தொடங்குவது துணைச் சாவி. ஃபைல் காட்டும் ஐடி பொதுவாகத் துணைச் சாவியுடையது, ஏனென்றால் என்க்ரிப்ஷன் வேலையை அதுதான் செய்கிறது. தலைமைச் சாவியின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. எஸ்எஸ்பி வரியோடு ஒப்பிடுங்கள். எஸ்இசிக்கோ எஸ்எஸ்பிக்கோ பக்கத்தில் ஹேஷ் குறி இருந்தால், பெயர் மட்டும் இருக்கிறது, ரகசியப் பகுதி இல்லை என்று அர்த்தம். ">" குறி இருந்தால் அது ஸ்மார்ட் கார்டில் இருக்கிறது.

பட்டியல் காலியாக இருந்தால், மாற்றிய விதத்தை நினைத்துப் பாருங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இழுத்துப் போட்டீர்கள். புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாததால் வரவில்லை. கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் பழைய லேப்டாப்பில் அது தெரியும். அல்லது, பாஸ்வேர்ட்ஸ் அண்டு கீஸ் செயலியில் சாவியை எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவந்திருப்பீர்கள். அந்த மெனு சாதாரணமாகத் தருவது பப்ளிக் கீயை மட்டும்தான். அதை இம்போர்ட் செய்தால் உங்கள் பெயர், மின்னஞ்சல் எல்லாம் பட்டியலில் அழகாக வந்து நிற்கும். பூட்டத்தான் உதவும், திறக்க உதவாது. பழைய மெஷினில் ஜிபிஜி, ஆர்மர், எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் என்று அடித்து, வருவதை ஒரு ஃபைலில் சேமித்து, புதிய மெஷினில் ஜிபிஜி, இம்போர்ட் என்று அந்த ஃபைலைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் பென்டிரைவிலிருந்து அந்த ஃபைலை நீக்கிவிடுங்கள்.

"நான் ஃபோல்டரை முழுதாகத்தான் கொண்டுவந்தேன், அப்படியும் இல்லை" என்றால், 16.04-க்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அந்த உபுண்டுவில் இரண்டு க்னூபிஜி அருகருகே இருந்தன. ஜிபிஜி என்று அடித்தால் பழைய 1.4 ஓடும், ஜிபிஜி2 என்று அடித்தால் 2.1 ஓடும். 1.4 சீக்ரெட் கீக்கள் எல்லாவற்றையும் செக்ரிங்.ஜிபிஜி என்ற ஒரே ஃபைலில் வைத்தது. 2.1 அந்த முறையைக் கைவிட்டு, பிரைவேட்-கீஸ்-வி1.டி என்ற ஃபோல்டரில் சாவிக்கு ஒரு ஃபைல் என்று வைக்கத் தொடங்கியது. 2.1 முதன்முதலாக ஓடும்போது பழைய செக்ரிங்கிலிருந்து சாவிகளைத் தன் ஃபோல்டருக்கு நகலெடுத்து, வேலை முடிந்ததற்கு அடையாளமாக .ஜிபிஜி-வி21-மைக்ரேட்டட் என்ற வெற்று ஃபைலை வைத்துவிடும். அந்த அடையாளம் இருக்கும்வரை செக்ரிங்கை அது திரும்பிப் பார்க்காது. இடையில் எப்போதாவது 1.4 வழியாக நீங்கள் ஒரு சாவி உருவாக்கியிருந்தால், அது செக்ரிங்கில் மட்டும்தான் இருக்கும். 22.04-இல் இருக்கும் 2.2.27-க்கு அது தெரியவே தெரியாது. சாவி உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும், பட்டியலில் இருக்காது. ஜிபிஜி, இம்போர்ட் என்று எழுதி, செக்ரிங்.ஜிபிஜி ஃபைலின் பாதையைக் கொடுத்தால் உள்ளே வந்துவிடும். எல்லாம் போய்விட்டது என்று வந்தவர்களுக்கு இந்த ஒரு வரியில் ஃபைல்கள் திரும்பக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பழைய ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

புதிதாக என்க்ரிப்ட் செய்ய முடியாதது தனிக் கோளாறாகவும் இருக்கலாம், சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூட்டுவதற்கு சீக்ரெட் கீயோ பாஸ்வேர்டோ தேவையில்லை. பப்ளிக் கீ செல்லுபடியாக இருந்தால் போதும். அது செல்லாமல் போக இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, காலாவதி. சாவி உருவாக்கும்போது இரண்டு வருடம் என்று தேதி வைத்திருப்பீர்கள். அது கடந்ததும் "அன்யூசபிள் பப்ளிக் கீ" என்று மறுத்துவிடும். பழைய ஃபைல்களைத் திறப்பதற்குக் காலாவதி தடையில்லை, பூட்டுவதற்கு மட்டும்தான் தடை. சீக்ரெட் கீ கையில் இருந்தால் தேதியை நீட்டிக்கலாம்; ஜிபிஜியின் குவிக்-செட்-எக்ஸ்பயர் அதற்குத்தான். தலைமைச் சாவிக்கு ஒரு முறை, துணைச் சாவிகளுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை செய்ய வேண்டும். தலைமைச் சாவியை மட்டும் நீட்டிவிட்டு, இன்னும் பூட்டவில்லையே என்று திகைப்பது வழக்கமாக நடப்பது.

இரண்டாவது காரணம் நம்பிக்கை மதிப்பு. இம்போர்ட் செய்த சாவியை ஜிபிஜி உடனே நம்பாது, அது உங்கள் சொந்தச் சாவியாக இருந்தாலும் கூட. டெர்மினலில் "நிஜமாகவே பயன்படுத்தலாமா" என்று கேட்கும். ரைட் கிளிக் வழியில் கேட்க இடமில்லாமல் அப்படியே தோற்றுவிடும். ஜிபிஜி, எடிட்-கீ என்று சாவியைத் திறந்து, ட்ரஸ்ட் என்று அடித்து, அல்டிமேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சொந்தச் சாவிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், நண்பருடையதற்கு வேண்டாம்.

அனுமதிச் சிக்கலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். எப்போதாவது சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு, ஜிபிஜியை ஓட்டியிருந்தால், .ஜிஎன்யுபிஜிக்குள் சில ஃபைல்கள் ரூட் பெயருக்கு மாறியிருக்கலாம். அப்புறம் உங்கள் பெயரில் ஓடும் ஜிபிஜியால் அவற்றைப் படிக்க முடியாது. ஃபோல்டர் முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றி, ஃபோல்டருக்கு 700, உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு 600 என்று அனுமதி வையுங்கள். உள் ஃபோல்டர்களுக்கும் 700 வேண்டும், 600 போட்டால் ஏஜென்டாலேயே உள்ளே போக முடியாது. வின்டோஸ் வடிவ பென்டிரைவ் வழியாகக் கொண்டுவந்த ஃபோல்டர் என்றால் இந்த அனுமதி எண்கள் நிச்சயம் கலைந்திருக்கும்.

சாவி இல்லாமல் வெறும் பாஸ்வேர்டு கொடுத்துப் பூட்டிய பழைய ஃபைல்கள் இருந்தால் அவற்றுக்கு வேறு கதை. பாஸ்வேர்டைக் கேட்கும், சரியாகவே கொடுப்பீர்கள், இருந்தும் "மெசேஜ் வாஸ் நாட் இன்டெக்ரிட்டி புரொடெக்டட்" என்று எச்சரித்துவிட்டு, வலுக்கட்டாயமாகத் தோல்வி என்று நிறுத்திவிடும். 1.4 காலத்தில் நெடுநாள் இயல்பு சைஃபராக, அதாவது பூட்டும் கணக்கு முறையாக இருந்தது காஸ்ட்5. அதில் பூட்டியவற்றுக்கு, இடையில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கும் எம்டிசி பகுதி பெரும்பாலும் சேராது. 2018 மே மாதத்தில், என்க்ரிப்ட் செய்த மின்னஞ்சலைக் குறிவைக்கும் இஃபெயில் தாக்குதல் வெளியான பிறகு, ஜூனில் வந்த 2.2.8 பதிப்பு, எம்டிசி இல்லாத ஃபைலைத் திறக்க மறுக்கத் தொடங்கியது. நீங்களே பூட்டி, உங்கள் டிஸ்க்கிலேயே இருந்த ஃபைல் என்றால், இக்னோர்-எம்டிசி-எரர் என்ற ஆப்ஷனைச் சேர்த்துத் திறந்து, உடனே புதிதாகப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வந்த ஃபைலுக்கு அந்த ஆப்ஷனைப் போட வேண்டாம். அந்தத் தடை அவற்றுக்காகத்தான் வந்தது.

பாஸ்வேர்டு கேட்டு, "பேட் பாஸ்ஃப்ரேஸ்" என்றால் முதலில் கீபோர்டைப் பாருங்கள். தமிழ் தட்டச்சும் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கும்போது பெட்டி வந்தால், விழுவது எந்த எழுத்து என்று கரும்புள்ளிகளுக்குப் பின்னால் தெரியாது. முதலில் ஒரு வெற்று எடிட்டரில் பாஸ்வேர்டை அடித்து, சரியாக விழுகிறதா என்று பார்த்து, சேமிக்காமல் மூடிவிடுங்கள். பாஸ்வேர்டு நிஜமாகவே மறந்துவிட்டது என்றால் நான் தரக்கூடிய நம்பிக்கை குறைவு. நினைவில் பாதி இருந்தால், சாத்தியமான வடிவங்களை நிரல் மூலம் சோதிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் வேண்டுமென்றே மெதுவாக நடக்கும்படிதான் ஏஜென்ட் சாவியைப் பாதுகாக்கிறது. ஒன்றுமே நினைவில்லை என்றால் பின்வாசல் கிடையாது. இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

ஃபைலே சிதைந்திருக்க வாய்ப்பு உண்டா என்றால், உண்டு, ஆனால் குறைவு. எல்லா ஃபைலும் ஒரே மாதிரி தோற்றால் சிதைவு காரணமல்ல. ஒன்றிரண்டு மட்டும் திறக்காமல், "நோ வேலிட் ஓப்பன்பிஜிபி டேட்டா ஃபவுண்ட்" என்று வந்தால், அவற்றின் அளவைப் பழைய மெஷினில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பென்டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கியதில் முழுதாக எழுதப்படாத நகலாக இருக்கலாம். மூலத்திலிருந்து மறுபடி நகலெடுத்தால் போதும்.

வேறு ஆப் பற்றிய கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். டெர்மினலில் பூட்டுவதும் திறப்பதும் சரியாக நடந்து, ரைட் கிளிக்கில் மட்டும் நடக்காவிட்டால் ஆப்பை மாற்றுங்கள். அப்போது கிளியோபாட்ரா நல்ல தேர்வு. அடுத்த உபுண்டுவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் எப்படியும் அதற்குப் பழகிக்கொள்வது நல்லது. உபுண்டுவின் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸ், 2022-இல் வந்த 43-ஆம் பதிப்பில் ஜிடிகே4 என்ற புதிய முகப்புக் கருவித்தொகுப்புக்கு மாறியதால் பழைய நீட்டிப்புகள் மாற்றியெழுதாமல் அதில் ஓடாது. ஸ்னாப் வடிவில், அதாவது தனி வேலிக்குள் ஓடும்படி வரும் செயலிகளைத் தவிருங்கள். வீட்டு டைரக்டரியில் புள்ளியோடு தொடங்கும் ஃபோல்டர்களைப் படிக்க சாதாரணமாக அவற்றுக்கு அனுமதி இல்லை, அதனால் சாவி இருந்தும் இல்லை என்றே சொல்லும். தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியில் சாவி தெரிகிறதே என்று யாராவது சொன்னால், 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து அது தனக்கென்று தனிச் சாவிக் கிடங்கை வைத்திருக்கிறது. அங்கே இருப்பது ஜிபிஜியில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் சீக்ரெட் கீயை எப்போதாவது அதற்குள் இம்போர்ட் செய்திருந்தால், அங்கிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியும். பழைய டிஸ்க் கைவிட்டுப் போயிருந்தால் தேட வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

இதில் நான் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். ஃபைல் கேட்கும் ஐடிக்கு உரிய சீக்ரெட் கீ எங்குமே இல்லாவிட்டால் அந்த ஃபைலை யாராலும் திறக்க முடியாது. அந்தச் சாவி எங்காவது இருந்து, பாஸ்வேர்டும் நினைவில் இருந்தால், மற்ற எல்லாம் சரிசெய்யக்கூடியவை. உங்கள் விஷயத்தில் சாவி புதிய மெஷினுக்கு வரவே இல்லை, பப்ளிக் கீ மட்டும் வந்து நம்பிக்கை மதிப்பில்லாமல் நிற்கிறது என்பது என் ஊகம். பெட்டி வராததும் பூட்ட முடியாததும் ஒரே நேரத்தில் தொடங்கியதற்கு அது பொருந்துகிறது. உங்கள் கேள்வியில் முழுப் பிழைச் செய்தி இல்லாததால் இது ஊகம் மட்டும்தான்.

சரி, இனி நீங்கள் அனுப்ப வேண்டியவை: ஜிபிஜி, வெர்ஷன் என்று அடித்தால் வரும் முதல் வரி, வெர்போஸ் போட்டுத் திறக்க முயன்றபோது வந்த எல்லா வரிகளும், இரண்டு மெஷின்களிலும் எடுத்த சீக்ரெட் கீ பட்டியல். பெயரையும் மின்னஞ்சலையும் வேண்டுமானால் மறைத்துவிடுங்கள், ஐடி எண்களை விட்டுவையுங்கள். அவற்றைக் காட்டுவதில் ஆபத்தில்லை. செக்ரிங்.ஜிபிஜி, பிரைவேட்-கீஸ் ஃபோல்டர், எக்ஸ்போர்ட் செய்த சீக்ரெட் கீ ஃபைல் ஆகியவற்றை மட்டும் எனக்கும் சேர்த்து யாருக்கும் அனுப்பாதீர்கள். உதவி செய்கிறேன் என்று யாராவது அவற்றைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். கோளாறைக் கண்டுபிடிக்க அவை தேவையே இல்லை.